அப்பா பெயரில் கழுவிய கோப்பைகள்

என் அப்பா கந்தையா பருத்தித்துறையை விட்டு மிஞ்சிப்போனால் அநுராதபுரம் வரை போயிருப்பார். ஆனால் 1987 தொடக்கம் நாலு வருசம் ரொறன்ரோவின் நடுவில் ஓர் உணவகத்தில் இரவிரவாகக் கோப்பை கழுவியவர் அவர்தான். அங்கே போய் விசாரித்தால் பத்மநாதன் என்று ஒருவன் வேலை செய்ததாகவே யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். விமான நிலையத்தில் படிவம் நிரப்பிய அதிகாரிக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர் முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் வரும். அவர் முன்னால் நின்றதை ஆளின் பெயராக்கி, பின்னால் வந்ததை வம்சமாக்கிவிட்டார். சமையற்கட்டு மேலாளருக்குக் கந்தையாவும் நீளமாகிப் போக, 'கேண்டி' என்று வெட்டினார். இனிப்பு என்றும் கொள்ளலாம், கண்டி என்றும் கொள்ளலாம். "கேண்டி, சட்டியில எண்ணெய் போகேல்லை" என்று ஏச்சு விழும்போதெல்லாம், வாங்குவது அப்பாதானே என்று ஒரு ஆறுதல்.

நான் வருவதற்கு முந்திய வருசம், 1986 ஆகஸ்டில், எங்கள் ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து, மீன்பிடிப் படகுகளால் கரைசேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆகவே எந்த நாடு என்று சொன்னதும், "ஓ, படகு ஆட்களோ?" என்பார்கள். இல்லை, நான் பிளேனில் வந்தவன் என்று அவசரமாகத் திருத்துவேன். அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

வெலஸ்லி - பார்லிமென்ட் சந்திக்குக் கிட்ட உள்ள மாடிக் கட்டடத்தில், ஓர் அறை வீட்டில் ஏழு பேர். மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கினால் ஒருவன் ஓடிப்போய் ஈரத் துவாயைச் சுருட்டிக் கதவடியில் அடைப்பான். யாரும் முறைப்பாடு செய்ததாக ஞாபகம் இல்லை. மணக்கிறது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். இன்றைக்கு எந்தக் கம்பனியில் 'பன்முகக் கலாசார தினம்' என்றாலும் என் கடைக்குத்தான் அழைப்பு வருகிறது: மட்டன் ரோல்ஸ் இருநூறு, உறைப்புக் குறைக்க வேண்டாமாம்.

ஊரில் எட்டு வருசம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். இங்கே நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: கனடிய அனுபவம் உண்டா? கூட்டலும் கழித்தலும் பருத்தித்துறையில் வேறு மாதிரியோ என்று திருப்பிக் கேட்க ஆங்கிலம் போதவில்லை. வங்கிக்கும் நான் அனுபவமில்லாதவன்தான். கடைசியில் கைகொடுத்தது சீட்டு. இருபது பேர், மாதம் 250 டொலர். கழிவு போக வந்த காசில் ஸ்காபரோவில் இந்தச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தேன்.

2013இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது பாரபட்சம் என்று சொன்னது. எனக்கு அது இருபத்தைந்து வருசம் பிந்திய செய்தி. 2026 ஜனவரி 1 முதல் வேலை விளம்பரத்தில் அதைப் போடவே கூடாதென்று மாகாணச் சட்டம். 25 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். என் கடையில் ஆறு பேர்.

ஜனவரி என்றதும் ஞாபகம் வருகிறது. 2016இல் அதைத் தமிழ் மரபுத் திங்கள் என்று நாடாளுமன்றமே ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அரசியல்வாதிகள் ஒட்டு வேட்டியோடு வந்து பானையைக் கிளறிவிட்டுப் போகிறார்கள். வங்கியில் வேலை செய்யும் என் மகள் மின்னஞ்சலின் அடியில் 'பத்மநாதன்' என்பதை எப்படி உச்சரிப்பது என்று எழுதி வைத்திருக்கிறாள். பிழையாகச் சொன்னால் மேலதிகாரி மன்னிப்புக் கேட்கிறாராம். அந்த விமான நிலைய அதிகாரி தந்த வம்சம், இப்போது நல்ல செல்வாக்கோடு இருக்கிறது.

போன மாதம் ஒரு பொடியன் வேலை கேட்டு வந்தான். லூதியானாப் பக்கம், கல்லூரியில் படிக்கிறான். ஊரில் மாமாவின் தாபாவில் மூன்று வருசம் நின்றவனாம். இடியப்பத் தட்டுகளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?" என்று கேட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

எடுத்துக்கொண்டேன், எடுக்காமல் என்ன. பெயர் குர்விந்தர்ஜித். அடுப்படி அவசரத்தில் அதெல்லாம் வாயில் வராது. 'குரு' என்று வைத்துவிட்டேன். நல்ல பெயர்தானே.

"குரு, சட்டியில எண்ணெய் போகேல்லை."

"ஓம் அண்ணை" என்கிறான்.