இருமலியல்: ஆலிவ் எண்ணெய்க் கடையில் தொண்டை படும் பாடு

ஆலிவ் எண்ணெய் அருங்காட்சியகத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லப் பயண நூல்கள் ஏராளம் உண்டு. வந்தவர் எப்போது இருமுகிறார், ஏன் இருமுகிறார், இருமியபின் எத்தனை புட்டி வாங்குகிறார் என்று ஆராய்ந்தாரைக் காணோம். அக்குறை நீங்க இது எழுதப்படுகிறது.

ஆய்வுக்களம் வட இத்தாலியில், கார்டா ஏரியின் கீழைக்கரையில், பர்தோலினோவை ஒட்டிய சிசானோ. ஆல்ப்ஸ் மலை எட்டிப் பார்க்கும் அந்தக் குளிரில் ஆலிவ் மரம் பிழைத்திருப்பதே வியப்பு. கோடையில் வாங்கிய வெப்பத்தை ஏரி பனிக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதால் பிழைக்கிறது. அங்குள்ள ஆலிவ் எண்ணெய் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆய்வாளர் இங்கேயே உஷாராக வேண்டும்: வாசலில் வாங்காததைக் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்க.

உள்ளே பழங்காலத்து நெம்புகோல் ஆலை, நீர்ச்சக்கரத்தால் சுழலும் கல் செக்கு எல்லாம் இருக்கின்றன. கல்லில் அரைத்த ஆலிவ் விழுதை, பின்னிய வட்டப் பாய்களில் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நசுக்குவது பழைய முறை. இவற்றின் முன் நிற்கும் எவரும் “அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க” என்ற பொருளில் தம் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்கிறார். கால்கள் ஏற்கெனவே கடைப்பக்கம் திரும்பிவிட்டன.

இனி சுவைப்பு. இதற்கு முறைப்படியான சடங்கு ஒன்று உண்டு. நிறத்தைக் கண்டு மயங்காதிருக்க நீலக் கண்ணாடிக் கிண்ணம். எண்ணெயின் சூடு ஏறத்தாழ 28 டிகிரி. மூடியைத் திறந்து முகர்தல். ஒரு மிடறு வாயில் ஏந்திப் பல்லிடுக்கால் சர்ரென்று காற்றை உறிஞ்சுதல். வீட்டில் பிள்ளைகள் செய்தால் அடி விழும் இந்த ஓசைக்கு, 1991-இல் ஐரோப்பியச் சமூகத்தின் 2568-ஆம் எண் ஒழுங்குமுறை சட்டத்தில் இடம் கொடுத்தது. அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற குழுவின் மூக்குக்கும் நாக்குக்கும் சிக்கு வாடை, பூஞ்சை வாடை எதுவும் தட்டுப்படக் கூடாது. அப்போதுதான் ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்ற உயர்தரப் பட்டம். சுற்றுலா வந்தவருக்கு இத்தனை மரியாதை இல்லை. ரொட்டித் துண்டில் தொட்டுக் கொடுத்துவிடும் கடைகளே அதிகம். ரொட்டி எல்லாக் குற்றத்தையும் மறைக்கும். அதை நீட்டுபவர் நல்ல மனசுக்காரராக இருக்கலாம். எண்ணெயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இருமலின் காரணத்துக்கு வருவோம். குற்றவாளி ஒலியோகாந்தால் என்னும் வேதிப்பொருள். கேரி போஷாம்ப் என்ற அறிவியலர் சிசிலியில் புது எண்ணெயைச் சுவைத்தபோது, நீர்ம வடிவ இபுப்ரோஃபென் மருந்தை விழுங்கினால் தொண்டையில் உண்டாகும் அதே எரிச்சலை உணர்ந்தார்; 2005-இல் ‘நேச்சர்’ இதழில் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. காரம் நாக்கில் தங்காமல் தொண்டையைப் போய்ப் பிடிப்பது இதன் தனிக்குணம். இருமல் எழுந்தால் எண்ணெய் புதிது, நல்லது என்று கொள்க. இரண்டு இருமல் என்றால் விற்பவர் முகம் மலர்கிறது.

ஒரு சங்கடத்தையும் மறைக்கலாகாது. கார்டா எண்ணெய் சாது. ‘கசாலிவா’ என்னும் உள்ளூர் வகையிலிருந்து வருவது. பாதாம் வாசனையோடு வழுக்கிக்கொண்டு போகும். முறையான இருமல் வேண்டுவோர் தெற்கே புலியாவுக்குப் போய் ‘கொராத்தினா’ வகையைக் குடிக்க வேண்டும். ஆகவே கார்டா கரையில் இருமல் வராத விருந்தினரே மிகுதி. தம் தொண்டையில்தான் குறை என்று நினைத்து அவர்கள் அடுத்த புட்டியைக் கேட்கிறார்கள். அது விலை கூடியது. இருமியவர் மகிழ்ந்து வாங்குகிறார், இருமாதவர் வெட்கப்பட்டு வாங்குகிறார். பில் என்னவோ ஒன்றுதான்.

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் எழும் இருமலை இவ்வியலில் சேர்க்கலாமா என்ற ஐயம் எஞ்சும். அது ஒலியோகாந்தாலால் வருவதன்று, ரொட்டியாலும் அடங்குவதன்று. ஆதலின் இங்கே விலக்கப்பட்டது.