பிளேனில் போய்ப் பலகாரம் தின்ற கதை

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே விஸ்கான்சினில் நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள்.

நான் சொந்தமாக பிளேன் வாங்கிவிட்டதாக வேளாங்கண்ணி கடைத்தெரு முழுக்கப் பேச்சாமே? கொடியேற்றத்துக்கு அதிலேயே வந்து இறங்குவேனா என்று லாட்ஜ்காரர் ஒருவர் உங்களிடம் விசாரித்தாராம். எல்லாம் உங்கள் பேத்தி செய்த வேலை. “பிளேன்ல போய் டிபன் சாப்ட்டோம் ஆத்தா, நான்தான் ஓட்டினேன்” என்று போனில் சொல்லியிருக்கிறாள். அத்தை அதைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நடந்தது இதுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிட்டயர் ஆனவர். எங்கள் ஊர் ஃப்ளையிங் கிளப்பில் மெம்பர். நாலைந்து பேர் சேர்ந்து பழைய செஸ்னா 172 ஒன்றைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். கோடை வந்துவிட்டால் இங்கே சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு சின்ன ஏர்போர்ட்டில் ‘ஃப்ளை-இன்’ என்று விருந்து போடுவார்கள். சுற்றுவட்டாரத்துக் கிளப்காரர்கள் எல்லாம் பறந்து வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பறந்து போவார்கள். அதற்குத்தான் எங்களையும் கூப்பிட்டார்.

வேன் வைத்திருக்கும் உங்களுக்கு இந்த வண்டியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். சீட் நாலு. ஆனால் டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுவிட்டு நாலு பெரிய ஆட்களை ஏற்றினால் அநேகமாக எடை மீறிவிடும். திருவிழா நேரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நீங்கள் எத்தனை பேரை ஏற்றி வருவீர்கள் என்று சொன்னால் பெரியவருக்கு மயக்கமே வந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. புறப்படுமுன் ஆளாளுக்கு எடை கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்கத் துணியாத கேள்வியை உங்கள் மகளிடம் சர்வசாதாரணமாகக் கேட்டார். அவள் ஒரு கணக்குச் சொன்னாள். மனுஷர் சிரித்தபடி தாளில் அதோடு பத்து பவுண்டு கூட்டி எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

பிறகு இறக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்துக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சொட்டு நீலம் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடுமாம். கலப்படம் பார்க்கும் இந்த வித்தையை நம் ஊர் பங்க்கில் நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், வீண் சண்டை.

மேலே போனதும் வண்டி குலுங்கியது. உங்கள் மகள் ஜெபமாலையை எடுத்தாள். எல்லார் காதிலும் ஹெட்செட். வாய் திறந்தாலே மைக் தானாக வேலை செய்யும். எனவே அருள் நிறைந்த மந்திரம் முழுக்க நாலு பேர் காதிலும் ஓடியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கியபின், “இவ்வளவு மெத்தென்று நான் இறக்கி நாளாகிறது, அடுத்த முறையும் அவசியம் வாங்கம்மா” என்றார்.

இறங்கிய இடத்தில் கண்ட்ரோல் டவரே கிடையாது மாமா. இந்த நாட்டில் பொது உபயோகத்துக்கு என்று சுமார் 5,000 விமானத்தளங்கள் உண்டு, டவர் இருப்பது 500 சொச்சத்தில்தான். மற்ற இடங்களில் ஓட்டுகிறவர்களே ரேடியோவில் “இன்னார் வருகிறேன், இந்தப் பக்கமாகத் திரும்புகிறேன், இறங்கப் போகிறேன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வரிசையாக இறங்கிவிடுகிறார்கள். ஹாரன் இல்லை, ஓவர்டேக் இல்லை. உங்களுக்கு இங்கே பிழைப்பு நடக்காது.

விருந்து ஹேங்கருக்குள். விமானங்களை வெளியே தள்ளிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். தலை நரைத்த பைலட்டுகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு பெரிய கல்லில் பான்கேக் ஊற்றினார்கள். மைதா, முட்டை, பால். உப்பு காணாது. சட்னி கேட்க வேண்டிய இடத்தில் மேப்பிள் மரத்துப் பாகை ஊற்றுகிறார்கள். பக்கத்தில் சாசேஜ், காபி என்ற பெயரில் ஒரு வெந்நீர். இதற்காகவா மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல் எரித்து வந்தோம் என்று எனக்கு வயிறு எரிந்தது. இவர்களே இதைக் கேலியாக ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்பார்கள். இன்றைய விலைவாசியில் நூறு போதாது. ஆனால் விமானம் ஓட்டி வந்தவருக்கு மட்டும் அன்று சாப்பாடு இலவசம். சில டாலர் மிச்சமானதில் பெரியவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவர்கள் பசிக்காகச் சாப்பிட வருவதில்லை, பறப்பதற்காகச் சாப்பிட வருகிறார்கள். மூன்று மாதத்துக்குள் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருந்தால்தான் ஆள் ஏற்றலாம் என்பது சட்டம். சும்மா வானத்தைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? டிபனுக்குப் போகிறேன் என்றால் விடுவார்கள். மேஜையில் யாரும் யாரிடமும் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கவில்லை. என்ன விமானம், எந்த வருஷத்து எஞ்சின் என்பதுதான் பேச்சு. புயலைவிட இவர்கள் பயப்படுவது மெடிக்கல் சர்டிபிகேட் தரும் டாக்டருக்குத்தான்.

இந்தச் சங்கங்களுக்கெல்லாம் பெரிய வீடு இ.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1953-ல் இதே விஸ்கான்சினில் பால் பொபரெஸ்னி என்பவர் தொடங்கியது. வருஷாவருஷம் ஜூலையில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் இவர்களுக்குத் திருவிழா. சுமார் பத்தாயிரம் விமானங்கள் வந்து சேரும். ரேடியோவில் பதில் பேசினால் நெரிசலாகும் என்பதால், டவர்காரர் கூப்பிட்டால் இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும். இறங்கியதும் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் 8-ல் வேளாங்கண்ணித் திருவிழா முடியும்வரை நம் கடற்கரையில் படுத்துக் கிடக்கும் சனங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதே அமைப்பு 1992 முதல் 8 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளை இலவசமாக ஏற்றிப் பறக்கவிடுகிறது. இதுவரை இருபது லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பறந்துவிட்டார்கள். அன்று உங்கள் பேத்தியும் ஒரு அம்மையார் விமானத்தில் ஏறினாள். மேலே போனதும் சற்று நேரம் அவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தாராம். ஆகவே, ‘நான்தான் ஓட்டினேன்’ என்பது முழுப் பொய்யில்லை.

நம் பக்கம் தஞ்சாவூரிலும் விமானத்தளம் இருக்கிறது. அங்கே 2020 முதல் சுகோய் போர் விமானப் படைப்பிரிவு நிற்கிறது. அந்த வாசலில் போய் இட்லி உண்டா என்று கேட்க முடியாது.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் சவாரி அடித்துச் சம்பாதிக்க முடியாது. சாதாரண லைசென்ஸ்காரர் கூட வருகிறவர்களிடம் பெட்ரோலிலும் வாடகையிலும் அவரவர் பங்கை மட்டும்தான் வாங்கலாம், லாபமாக ஒரு காசு தொடக்கூடாது.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நாங்கள் எல்லாரையும்போல டிக்கெட் வாங்கித் திருச்சியில் வந்து இறங்குகிறோம். வேன் எடுத்து வாருங்கள். தஞ்சாவூரில் நிறுத்தி நல்ல டிபன் சாப்பிடலாம், செலவு என்னுடையது. வேனில் ஏறும்போது யாரும் எடை கேட்கக் கூடாது என்று உங்கள் மகள் எழுதச் சொன்னாள். டீசலுக்கு மட்டும் இந்த ஊர்ச் சட்டப்படி என் பங்கைத்தான் தருவேன்.

இப்படிக்கு,
பிளேன் இல்லாத உங்கள் மருமகன்