இல்லாத பிரேக்

கேள்வி: கணவர் கார் ஓட்டும்போது, பக்கத்து சீட்டில் என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறதே, ஏன்?

பதில்: உயிர் பயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2003-ல் செபான்ஸ், நோப்லிக், பிரின்ஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. திரையில் ஒரு கை. விரலில் சிவப்பு அல்லது பச்சை மோதிரம். உங்கள் நிறம் வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். விரல் எந்தப் பக்கம் காட்டினால் என்ன? தனியாகச் செய்தவர்களை அது பாதிக்கவில்லை. மற்ற நிறத்துக்கு இன்னொருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், விரல் அவரைக் காட்டும்போதெல்லாம் இவர் கை தாமதித்தது (மில்லி விநாடிக் கணக்கில்தான்). கூட்டாளியின் வேலையையும் மூளை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறதாம். உங்கள் காலும் அந்த ரகமாக இருக்கலாம். “மெதுவா, மெதுவா!” என்ற வாய்க்கு மட்டும் அந்த மூவரும் பொறுப்பல்ல.