படுக்கையும் குசினியும் உள்ள வாகனம்

கேள்வி: மகள் உயர்தரம் பாஸ்பண்ணி அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்கு எடுபட்டிட்டாள். வெளிநாட்டுக்காரர் போல படுக்கை, குசினி உள்ள வாகனம் பிடித்துக் குடும்பமாகத் திருகோணமலை போக ஆசை. வழி சொல்லுங்கோ. - ஒரு தகப்பன், கிளிநொச்சி.

பதில்: அந்த வாகனம் எங்களிட்டை எப்பவோ இருக்குது, ஐயா. பெயர் ஹயஸ் வான். குசினி, அம்மம்மாவின்ர மடியில் இருக்கிற புட்டுப் பார்சல். படுக்கை, பக்கத்தில் இருப்பவரின்ர தோள். ஏ9 வீதியில் ஏறினால் முதலில் வருவது அறிவியல்நகர்தான். கம்பஸ் வாசலில் இறங்கிப் படம் எடுக்கலாமோ எண்டு மகளிட்டைக் கேளுங்கோ. சீனியர்மார் பார்த்தால் பிறகு அவள்தான் பதில் சொல்லவேணும். அடுத்தது முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சாரதி வானை எடுக்கமாட்டார், கச்சான் வாங்காமல் அம்மம்மா ஏறமாட்டா. வவுனியாவில் இடப்பக்கம் திரும்பி ஹொரவப்பொத்தானை வீதியைப் பிடியுங்கோ. பட்டினத்துக்கு முன்னமே கன்னியா வரும்: ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித்தான் குளிக்கவேணும். நிலாவெளிக் கடலுக்கு மார்கழியில் போகாதேங்கோ, அலை பொல்லாதது. சித்திரைக்குப் பிறகு நல்லம். வானில் என்ன பாட்டுப் போடுறது எண்டதை மட்டும் மகளிட்டை விடுங்கோ. அம்மம்மாவுக்குக் காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு.