மாமா பதில்கள்: தட்டு வேட்டை

இந்த வாரத் தபாலில் பாதி இசைத்தட்டைப் பற்றித்தான். மற்ற பாதி அடுத்த வாரம்!

திருவனந்தபுரத்தில் பழைய ரிக்கார்டு மலிவாக எங்கே கிடைக்கும்?
(வாசகர், பேரூர்க்கடை)

பரணில். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் பழைய வீடு கைமாறும்போது, மூட்டை கட்டி ஆக்ரிக்கடைக்குப் போகிற முதல் சாமான் தட்டுகள்தான். அதற்கு முந்தின நாள் வாசலில் நிற்பவரே வேட்டைக்காரர். சாலைக் கடைத்தெருவிலும் பாளையத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். அலைந்தவனுக்குக் கிடைத்ததை விடச் சிநேகம் பிடித்தவனுக்குக் கிடைத்ததே அதிகம்.

பேரம் பேசுவதில் ஏதாவது ரகசியம் உண்டா?
(வாசகர், மணக்காடு)

எம்.எஸ்.வி. தட்டைக் கண்டதும் கண் விரிந்தால் விலையும் விரியும். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து குதிக்கலாம்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, கரமனை)

முதலில் லேபிளின் நடு ஓட்டையை. அதைச் சுற்றி மெல்லிய கோடுகள் கிறுக்கலாக ஓடினால், ஓட்டை தெரியாமல் தடவித் தடவிப் பல தடவை மாட்டிய தட்டு என்று அர்த்தம். அடுத்து வெயில் விழுகிற பக்கம் சாய்த்துப் பிடி. பளபளத்தால் உயிர் இருக்கிறது; சாம்பல் பூத்திருந்தால் முள் தின்று தீர்த்தாயிற்று. கீறல் இருந்தால் நகத்தால் வருடிப் பார். நகம் இடறுகிற இடத்தில் முள்ளும் இடறும். கண் ஏமாறும் மக்களே, நகம் ஏமாறாது.

உறையில் எம்.எஸ். படம், வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இந்தி டிஸ்கோ. நியாயமா?
(வாசகர், நாகர்கோவில்)

உறையோடு கல்யாணம் பண்ணிக்கொண்டால் அப்படித்தான். தட்டை வெளியே எடுத்து லேபிளைப் படித்த பிறகே பர்ஸைத் திறக்க வேண்டும். லேபிள் கிழிந்திருக்கிறதா? லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் வழுவழுவென்று ஒரு வளையம் இருக்கும். அதில் ஓர் எண் பொறித்திருக்கும். உறை மாறும், லேபிள் உதிரும், அந்த எண் மாறாது. தலையெழுத்து என்று ஒன்று நிச்சயமாக இருப்பது இசைத்தட்டுக்குத்தான்.

தாத்தாவின் பாகவதர் தட்டு கை தவறிச் சுக்குநூறானது. வினைல் உடையுமா?
(வாசகி, தைக்காடு)

அது வினைல் இல்லை அம்மா, 78 சுழற்சித் தட்டு. அரக்குப் பூச்சி தந்த பிசினோடு கல்பொடி கலந்து அழுத்தியது. வினைல் எல்.பி. 1948இல்தான் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வழியாக வந்தது. அது வெயிலில் வளையும், விழுந்தால் பெரும்பாலும் பிழைக்கும். அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர்கள் தப்பினார்கள். உங்கள் பாகவதர் தப்பவில்லை.

எல்லாத் தட்டுக்கும் ஒரே முள் போதாதா?
(வாசகர், நெய்யாற்றின்கரை)

போதாது. 78இன் பள்ளம் அகலம், எல்.பி.யின் பள்ளம் அதில் பாதிகூட வராது. எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் அடியில் கிடந்து தத்தளிக்கும். எல்.பி.யைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் இரும்பு முள்ளுக்குக் கீழே வைப்பதற்குப் பெயர் பாட்டுக் கேட்பது அல்ல, உழவு.

அந்தக் காலப் பாட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிகிறது?
(வாசகர், ஆற்றிங்கல்)

தட்டில் அவ்வளவுதான் இடம். 78இன் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ராத்திரி முழுக்கக் கல்யாணி பாடுகிற வித்வானும் அதற்குள் கல்யாணியைக் காட்டியாக வேண்டும். காட்டினார்கள்! சுருங்கச் சொல்லல் அழகு என்று நன்னூல் சொல்லியது, பாடவைத்தது அரக்கு.

சில பழைய தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரைச் சொல்கிறாரே?
(வாசகர், திருநெல்வேலி)

1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் அதற்குப் பேர்போனவர். பதிவு இங்கே, தட்டு அடித்தது ஜெர்மனியின் ஹனோவரில். எந்தப் பாட்டு யாருடையது என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? ஊர் பேர் தெரியாதவனிடம் போகும்போது பெயரைச் சொல்லிவிடுவதே மரியாதை.

மைக் செட்காரர் ஒருவர் மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
(வாசகர், பாறசாலை)

கேட்டுப் பார்த்து வாங்குங்கள். ஊர்க் கல்யாணம் அத்தனைக்கும் போய்வந்த தட்டு. மழுங்கின முள்ளில் பாடிப் பாடித் தேய்ந்திருக்கும். ஆனால் 'திருவிளையாடல்' கதை வசனம் கிடைத்தால் யோசிக்காதீர்கள். அதில் கரகரப்பும் கச்சேரியில் சேர்த்தி.

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழை. தட்டில் பூசணம் பூக்கிறது!
(வாசகி, பூஜப்புரை)

சுத்திகரித்த தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற துணி. பள்ளம் போகிற வட்டத்திலேயே துடையுங்கள்; லேபிளை நனைக்காதீர்கள். 78ஐ மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது முதலில் சாகும்.

அடிக்கடி கண்ணில் படும் தட்டு எது?
(வாசகர், கழக்கூட்டம்)

எனக்குத் தெரிந்து எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம், 1963. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே எழுதிவைத்தார் அந்த அம்மாள். நிறையக் கிடைப்பதால் மலிவு. மலிவானதால் மட்டம் என்று ஒதுக்குகிறவன் காதைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தவன்.

நம்ம ஊர்ப் பெருமை சொல்லும் தட்டாக எதைத் தேடலாம்?
(வாசகர், சாலை)

கை வலிக்கிற வரைக்கும் எழுதலாம். கரமனையில் நீலகண்ட சிவன் பஜனையோடு ஊறியவர் பாபநாசம் சிவன். 'அசோக்குமார்' (1941), 'ஹரிதாஸ்' (1944) பாட்டுகளை எழுதிய கை அது. 1939இல் தொடங்கிய ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமிக்கு முத்தையா பாகவதருக்குப் பின் தலைமை ஏற்றவர் செம்மங்குடி. ஸ்வாதி கிருதிகளைத் தமிழ் மேடையில் உட்காரவைத்தவர். 1980இல் யேசுதாஸ் தரங்கிணி இசைப்பதிவுக் கம்பெனியைத் தொடங்கியதும் இங்கேதான். 'சிந்து பைரவி'க்குத் தேசிய விருது வாங்கிய சித்ரா கரமனைப் பெண். இத்தனையும் வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரன் தட்டுக்கு மும்பை சோர் பஜார் போகிறான்!

வாங்க வசதி இல்லை. பார்க்கவாவது இடம் உண்டா?
(பள்ளி மாணவன், நேமம்)

கோட்டயம் மாவட்டம், பாலாவுக்குப் பக்கத்தில் பிளாசனால். சன்னி மாத்யூ 2015இல் திறந்த கிராமபோன் மியூசியம் அங்கே இருக்கிறது. வன வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காட்டைக் கவனித்தவர், இப்போது பாட்டைக் கவனிக்கிறார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ; திரும்பி வரும்போது அவரே உனக்கு ஒரு தட்டு வாங்கித் தருவார்.

இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) எல்.பி.க்குச் சொல்கிற விலையில் மயக்கமே வருகிறது.
(வாசகர், ஸ்ரீகாரியம்)

தியாகராஜரையும் பாக்கையும் வணங்கிச் செய்த இசை, ஆசை நியாயம். ஆனால் கீறல் விழுமென்று பயந்து உறையிலேயே பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் அது உங்களுக்குத் தட்டு அல்ல, நகை. போட்டுக் கேட்கிற துணிச்சல் எந்த விலை வரைக்கும் இருக்கிறதோ, அதுவே உங்கள் விலை.

பிடித்த பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறது. இந்தத் தூசி நமக்கெதற்கு?
(வாசகர், டெக்னோபார்க்)

எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிடம். தாண்டிப் போக விரலுக்குச் சோம்பல். அதனால் முழுசாகக் கேட்போம். இத்தனை வருஷமும் ஒரு பாட்டுக்காகவே நேசித்த படத்தில், அதற்கு அடுத்து அதைவிட நல்ல பாட்டு ஒன்று இருந்தது அப்போதுதான் தெரியும். நீங்கள் கேட்டதைப் போன் தரும் தம்பி; நீங்கள் கேட்கத் தவறியதைத் தட்டு தரும்.