சிப்பாய் பொம்மையின் உயரம் எங்கே முடிகிறது? – ஓர் ஆய்வு

வண்ணம் தீட்டிய வரலாற்றுச் சிற்றுருவங்களைச் சேர்ப்பது, கண்ணாடி அலமாரியில் அணிவகுத்து நிறுத்துவது, வீட்டுக்கு வருகிறவரைக் காபி ஆறும்வரை அதன் முன் நிற்கவைப்பது ஆகிய முத்தொழில் பற்றி மேலைநாடுகளில் நூல்கள் மலைபோல் குவிந்துள்ளன. ஆயினும் முறையான ஆய்வு இன்னும் தொடங்கவேயில்லை என்பது இத்துறை அறிஞர் ஒவ்வொருவரின் துணிபு. தம் நூல் அச்சேறும் வரை எல்லாத் துறை அறிஞர்க்கும் இத்துணிபு பொதுவாகும்.

சிற்றுருவங்கள் ஐவகைப்படும்: தட்டை, அரைத்திரட்சி, முழுத்திரட்சி, உட்குழிவு, பிளாஸ்டிக்.

தட்டையானது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹில்பர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் வார்த்துப் புகழ்பெற்றது. பக்கவாட்டில் பார்த்தால் பிரஷ்ய வீரன்; நேரே நின்று பார்த்தால் ஒரு கோடு. அரைத்திரட்சி இதற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்டது. முழுத்திரட்சி காலில் விழுந்தால் வலிக்கும். பிளாஸ்டிக்கைப் பற்றி அறிஞர்கள் சபையில் பேசுவதில்லை, வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

உட்குழிவு வகையை மட்டும் இப்படித் தாண்டிப்போக இயலாது. 1893இல் லண்டன் பொம்மை உற்பத்தியாளர் வில்லியம் பிரிட்டன், உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகிய கணமே நடுவில் இருப்பதைத் திருப்பி ஊற்றிவிடும் முறையைச் சிப்பாய் பொம்மைக்குக் கொண்டுவந்தார். ஈயம் மிச்சமானது, விலை இறங்கியது, சந்தையைக் கையில் வைத்திருந்த ஜெர்மன் பொம்மைகள் பின்வாங்கின. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மிடுக்காக நிற்கும் இவ்வகைமேல் பல்கலைக்கழகத்தார்க்குத் தனிப் பரிவு உண்டு.

சேகரிப்போர் இருவகைப்படுவர்: வாங்கி வண்ணம் தீட்டுவோர், வாங்குவோர். பின்னவரே பெரும்பான்மை.

அடுத்துப் பொத்தானியல். இது கேலிக்காகக் கற்பித்த துறை என்று எண்ணுகிறவர் பிரிட்டிஷ் அரண்மனைக் காவற்படைகளைச் சற்று உற்றுநோக்குக. செஞ்சட்டையில் பொத்தான்கள் ஒற்றை ஒற்றையாக இருந்தால் கிரனேடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக இருந்தால் ஸ்காட்ஸ், நான்கு நான்காக இருந்தால் ஐரிஷ், ஐந்தைந்தாக இருந்தால் வெல்ஷ். கரடித்தோல் தொப்பியின் இடப்பக்கம் வெள்ளை இறகிருந்தால் கிரனேடியர், வலப்பக்கம் சிவப்பிறகிருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், இறகே இல்லையென்றால் ஸ்காட்ஸ். இத்தனையும் மெய். விரல் உயரப் பொம்மையில், பூஜ்யம் மூன்று தூரிகையின் நுனியில், மூச்சை அடக்கிக்கொண்டு இப்பொத்தான்களை வைக்கிறார்கள். ஒரு புள்ளி தள்ளிப்போனால் ஸ்காட்லாந்துக்காரன் அயர்லாந்துக்காரனாகிவிடுவான். ஐரிஷ் காவற்படை 1900இல்தான் அமைந்தது. எனவே அவனை அதற்கு வெகு முந்தைய வாட்டர்லூ போர்க்களத்தில் நிறுத்தியவர் நண்பர்களை இழப்பார்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான உயரச் சிக்கல்.

பிரிட்டன் கம்பெனி வீரன் 54 மில்லிமீட்டர். பொம்மை ரயிலோடு பொருந்தவேண்டும் என்று வைத்த அளவு அது. ரயில்வே இலாகாவுக்கு ராணுவம் கட்டுப்பட்ட அரிய சான்று. ஆனால் 28 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் உருவத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது? உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை என்பர் உச்சியளவினர். உள்ளங்காலிலிருந்து கண்வரை என்பர் விழியளவினர். பின்னவர் வாதம் வலுவானது: படைவீரன் தலையில் தொப்பி இருக்கிறது, தொப்பிக்குள் தலை எங்கே முடிகிறதென்று யார் கண்டார்? தலை தெரியாவிட்டாலும் கண் தெரியும் (காண்க: இத்துறையின் மூலநூல், முதற்பதிப்பு; இரண்டாம் பதிப்பே வெளிவந்துள்ளது).

உச்சியளவினர் விடவில்லை. கண்ணே அளவுகோலானால் கடற்படைத் தளபதி நெல்சனை என்ன செய்வது? 1794இல் கார்சிகாவில் அவருக்கு வலக்கண் பார்வை போயிற்று. பார்வை இழந்த கண்வரை அளந்தால் அது உயரமாகுமா? ஆகும் என்பர் வலவிழிக் கிளையினர். ஆகாது என்பர் இடவிழிக் கிளையினர். இரு கண்ணும் ஒரே மட்டத்தில்தானே இருக்கின்றன என்று கேட்ட மாணவர் ஒருவரின் ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டது.

மண்டியிட்டுச் சுடுபவனை, நிமிர்ந்தால் எவ்வளவு இருப்பான் என்று கணக்கிடுக என்பது ஒரு நூற்பா. குதிரைமேல் இருப்பவனை இறக்கி அளக்க இயலாது, ஒட்டியிருக்கிறான். செத்துக் கிடப்பவன் உயரம் இழந்து நீளம் பெறுகிறான். இதன்மேல் எழுந்த உரையும், உரைக்கு விளக்கமும், விளக்கத்துக்கு மறுப்பும், அம்மறுப்பை எழுதியவரே வேறு பெயரில் எழுதிய பாராட்டுரையும் ஒருங்கே காணத்தக்கன (தொகுதி 4, பகுதி 3, கறையான் அரித்த பக்கத்தின் எஞ்சிய மூலை).

எல்லாவற்றினும் கடினம் 1812. மாஸ்கோவை நோக்கிப் போகும் நெப்போலியன் வீரன் நெஞ்சு நிமிர்த்தி 28 மில்லிமீட்டர் நிற்கிறான். பனியில் திரும்பி வரும் அதே வீரன், கூனிக் குறுகிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, 25கூடத் தேறமாட்டான். இருவரையும் ஒரே அலமாரித் தட்டில் வைக்கலாமா? தோல்வியால் ஒருவன் இழக்கும் உயரத்தை எந்தக் கணக்கில் கழிப்பது? இவ்வினாவை எழுப்பிய கட்டுரை, தன்னையே மேற்கோளாகக் காட்டி, அம்மேற்கோளின் அடிக்குறிப்பில் இக்கட்டுரைக்குத் திரும்பி அனுப்புகிறது. உள்ளே போன ஆய்வாளர்கள் இன்னும் வெளியே வரவில்லை.

(நம் கொலுப்படியில் இத்தொல்லை கிடையாது. மளிகைக் கடை விரித்து உட்கார்ந்த செட்டியார் பொம்மை, அருகில் நிற்கும் ராமரைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தாலும், சுண்டல் வாங்க வந்தவர் எவரும் அளவுகோலைத் தேடியதில்லை. ஆகவேதான் கொலு இன்னும் ஆய்வுத் துறையாக வளரவில்லை.)

துறையின் மூத்த தியாகி வில்லியம் சைபோர்ன். பிரிட்டிஷ் ராணுவத்தில் லெப்டினன்ட். 1830இல் வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. மனிதர் களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அந்த மாலை சுமார் ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரி எங்கே நின்றான், வயலில் என்ன பயிர் என்று போரில் கலந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டுக் கேட்டார். பதில்கள் குவிந்தன. இடையில் அரசு பணத்தை நிறுத்தியது. கடனில் வேலையைத் தொடர்ந்தார். 1838இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மாதிரி திறந்தது. ஏறத்தாழ 400 சதுர அடி, 70,000க்கும் மேற்பட்ட ஈய வீரர்கள், ஒவ்வொருவனும் ஒரு சென்டிமீட்டர். உச்சியா விழியா என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வேறொன்றைக் கேட்டார்கள். திரட்டிய சான்றுகளின்படி அவர் பிரிட்டிஷாரின் கூட்டாளிகளான பிரஷ்யரின் படையைப் பெருந்திரளாகக் களத்தில் நிறுத்தியிருந்தார். வெற்றியில் பிரஷ்யருக்கு அத்தனை பங்கு போவது பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவுக்கும் அவரைச் சூழ்ந்தவர்களுக்கும் கசந்தது. அழுத்தம் ஏற ஏற, சைபோர்ன் பிரஷ்யர்களில் பெரும்பாலோரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பொத்தான் ஒன்று இடம் மாறினால் உறவு முறியும் துறை இது. ஒரு படையே எடுபட்டபோது மேலிடத்தில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர்கள் அதன் முன் நின்று குறையைச் சுட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நலம். அவர்களில் எத்தனை பேர் ஓர் அமைச்சர் முகம் சுளித்ததற்காக எத்தனை படையை நகர்த்தியிருப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது, நிதி கிடைக்காது.

சிற்றுருவம் பார்த்து முடிவுக்கு வருவதில் இன்னோர் எச்சரிக்கை சர்ச்சில் தருவது. சிறுவயதில் அவரிடம் ஏறக்குறைய 1,500 ஈய வீரர்கள் இருந்தார்கள். தந்தை ராண்டால்ஃப் பிரபு ஒருநாள் அணிவகுப்பை இருபது நிமிடம் பார்வையிட்டு, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். தன்னுள் ஒரு தளபதியைத் தந்தை கண்டுகொண்டார் என்றே மகன் பல ஆண்டு நம்பியிருந்தார். வக்கீல் படிப்புக்கு இந்தப் பிள்ளை தேறமாட்டான் என்பதே தந்தையின் முடிவு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

காட்சிப்படுத்தல் குறித்து ஒரே விதி: ஓக் மர அலமாரி ஆகாது. அம்மரம் கசியவிடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். பணக்காரச் சேகரிப்பாளர் இழைத்துச் செய்த விலையுயர்ந்த ஓக் பேழைக்குள் குதிரைப்படை கமுக்கமாக உதிர்ந்துகொண்டிருக்க, தகர பீரோவில் போட்டுவைத்தவரின் படை பளபளவென்று நிற்பதுண்டு.

எஞ்சியது கழுத்து முறிவு. உட்குழிவு வீரனின் தலை எளிதில் கழன்றுவிடும். பிரிட்டன் நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒரு தீக்குச்சியை உடைத்து, கழுத்து ஓட்டையில் செருகி, தலையை மேலே மாட்டிவிட்டார்கள். குச்சி சற்றே நீண்டால் 54 மில்லிமீட்டர் வீரன் 55 ஆவான். தலை திரும்பிக்கொண்டால் விழியளவினர் முதுகுப் பக்கம் போய் அளக்க நேரும். இவனைத் திருத்தப் பதிப்பெனக் கொள்வதா இடைச்செருகலெனத் தள்ளுவதா என்று தீர்மானிக்க அமைந்த குழு முதல் கூட்டத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. தீக்குச்சி மருந்துள்ள முனை மேலே இருக்கவேண்டுமா கீழேயா என்பதில் முதற்பிரிவு மேலும் இரண்டாகியிருக்கிறது.