மௌனப் படக் கேலியின்பால் எழும் ஏக்கம்: ஒரு முதனிலை ஆய்வு

மனிதனுக்கு வருகிற ஏக்கங்களைப் பெரும்பாலும் அறிஞர்கள் வகைப்படுத்திவிட்டார்கள். பிறந்த ஊர், முதல் காதல், விலைவாசி குறைவாக இருந்த காலம் என்று ஒவ்வொன்றுக்கும் கவிதையும் கட்டுரையும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. ஆனால் 1960, 70களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் வளர்ந்த தலைமுறையைப் பிடித்து ஆட்டும் ஓர் ஏக்கம் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இவர்கள் மௌனப் படங்களுக்காக ஏங்குவதில்லை. மௌனப் படங்களைக் கேலி செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்காக ஏங்குகிறார்கள். அசலை விட்டுவிட்டு நையாண்டிக்காகக் கண் கலங்குவதை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவதே இதுவரையான வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. இன்று நம் மனத்தில் ‘மௌனப் படம்’ என்று பதிந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கேலிதான். எனவே, கேலிக்காக ஏங்குகிறவர் ஒருவர்தான் தாம் உண்மையில் பார்த்ததற்காக ஏங்குகிறார்.

ஆய்வு மரபுப்படி முதலில் தரம் பிரித்துக்கொள்வோம். பேசும் படம் என்று ஒன்று வரப்போவது தெரியாமலேயே, 1927க்கு முன் திரையரங்கில் உட்கார்ந்து மௌனப் படம் பார்த்தவர்கள் முதல் தரம். இவர்களின் ஏக்கம் கலப்படமற்றது. ஆனால் ஏங்குவதற்கு இன்று ஆளில்லை. கேலியைப் பார்த்துவிட்டு அசலையே பார்த்ததாக நம்புகிறவர்கள் இரண்டாம் தரம். “நாங்கள் பார்த்தது கேலிதான், அதுதான் வேண்டும்” என்று ஒளிவுமறைவின்றிச் சொல்பவர்கள் மூன்றாம் தரம். இவர்களைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்கள் நான்காம் தரம். இவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவதே நாகரிகம். இரண்டாம் தரத்தாரைக் கலாரசிகர் என்று மேடையேற்றி மாலை போடுவதும், மூன்றாம் தரத்தாரைப் பார்த்துச் சிரிப்பதும் உலக நடைமுறை. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் சான்றுகள் கீழே வருகின்றன.

முதல் சான்று, வேகம். மௌனப் படம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது குடுகுடுவென ஓடும் மனிதர்கள். அன்று கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. படத்துக்குப் படம் அது கூடியும் குறைந்தும் இருந்தது. ஓட்டுகிறவரும் அதையொட்டி ஓட்டினால் திரையில் மனிதன் மனிதனாகவே நடப்பான். பேசும் படம் வந்தபோது ஒலிக்காக 24 ஃபிரேம் என்று நிலைநிறுத்தினார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியோ 25இல் ஓட்டியது. ஆக, 16இல் எடுத்த படத்தில் ஒரு நிமிடம் நிதானமாக நடந்த பெரியவர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதே தூரத்தை 40 நொடியில் கடந்தார், லண்டனில் 38.4 நொடியில் கடந்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிய ஒரே காரணத்தால் ஒரு முதியவரின் நடையில் 1.6 நொடி மிச்சமான இந்தச் செய்தி மருத்துவ இதழ்களின் கண்ணில் படாமல் போனது வருந்தத்தக்கது. இயந்திரப் பொருத்தமின்மையால் வந்த இந்தக் கோளாறைத்தான் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் பென்னி ஹில் கலையாக்கினார். கேமராவை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் காட்டினார். போலீஸ்காரர், செவிலி, பாதிரியார், வழுக்கைத் தலைக் கிழவர் என எல்லோரும் வரிசை கட்டி ஓடினார்கள். மௌனப் படக் காலத்து மேக் சென்னெட்டின் கீஸ்டோன் நகைச்சுவைப் படங்களிலும் இதே உத்தி உண்டே என்று ஒருவர் குறுக்கிடலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே துரத்தல் காட்சி ஓடியது. சோகப் படத்தின் நாயகி ஓடவில்லை. மரணப் படுக்கையில் இருப்பவரையும் ஓட வைத்த பெருமை நம் நினைவையே சேரும்.

இரண்டாம் சான்று, தண்டவாளம். முறுக்கு மீசை வில்லன் நாயகியைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறான், ரயில் வருகிறது, நாயகன் ஓடி வருகிறான். இதைவிட அசலான மௌனப் படக் காட்சி எது என்று கேட்பார்கள். இந்தக் காட்சியை உலகறியச் செய்த 1867ஆம் ஆண்டு நியூயார்க் மேடை நாடகம் ‘அண்டர் தி கேஸ்லைட்’டில் தண்டவாளத்தில் கட்டுண்டவர் ஆண், கோடரியால் கதவை உடைத்து வந்து காப்பாற்றியவர் பெண். சினிமாவில் இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டும் படங்கள் இரண்டு. 1913இல் மேபல் நார்மண்டைச் சங்கிலியால் தண்டவாளத்தில் பிணைத்த ‘பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ ஒன்று; 1917இல் குளோரியா ஸ்வான்சனைப் பிணைத்த ‘டெடி அட் தி த்ராட்டில்’ மற்றொன்று. இரண்டுமே சென்னெட்டின் கீஸ்டோன் நகைச்சுவைகள். பழைய மேடை நாடகத்தைக் கேலி செய்தவை. அதாவது அசல் என்று தேடிப் போனால் அங்கேயும் கேலிதான் உட்கார்ந்திருக்கிறது. 1960களில் ஜே வார்டின் கார்ட்டூனில் வில்லன் ஸ்னைட்லி விப்லாஷ் வாராவாரம் ‘நெல்’ என்ற நாயகியைத் தண்டவாளத்தில் கட்டியபோது நடந்தது கேலியின் கேலி. ஸ்வான்சனின் கதை இன்னும் சுவையானது. தண்டவாளத்தில் கிடந்த அதே ஸ்வான்சன், 1950இல் ‘சன்செட் புலவார்ட்’ படத்தில் புகழ் மங்கிய மௌனப் பட நட்சத்திரம் நார்மா டெஸ்மண்டாக நடித்தார். அந்த நார்மாவை ‘நோரா டெஸ்மண்ட்’ ஆக்கித் தொலைக்காட்சியில் கேலி செய்தார் கரோல் பர்னெட். 1973இல் பர்னெட்டின் நிகழ்ச்சிக்கு ஸ்வான்சனே விருந்தினராக வந்தார். கேலிக்கு உள்ளானவர் தம் கேலியோடு ஒரே மேடையில் நின்றபின் எது அசல், எது நகல் என்று வழக்காடுவது வீண்.

மூன்றாம் சான்று, முகத்தில் எறியும் க்ரீம் பை. லாரலும் ஹார்டியும் 1927இல் நடித்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ படத்தில் மூவாயிரம் பைகள் எறியப்பட்டதாகச் சொல்வது வழக்கம். பை எறிதல் அப்போதே பழைய சரக்கு. அதனால்தான் கணக்கு வழக்கில்லாமல் எறிந்து அந்தப் பழமையையே சிரிப்பாக்கினார்கள். அந்தப் படத்தின் இரண்டாம் ரீல் பல பத்தாண்டுகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. ராபர்ட் யங்சன் 1957இல் தொகுத்த ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி’யில் இடம்பெற்ற துண்டைத்தான் உலகம் பார்த்தது, முழு ரீல் கைக்கு வந்தது 2015இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் “பை எறிவதில் அந்தப் படத்தை அடிக்க ஆளில்லை” என்று உருகியவர்கள் அனைவரும் ஒரு தொகுப்பைப் பார்த்துவிட்டு உருகியவர்களே. இரண்டாம் தரத்தாரின் மக்கள்தொகை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

நான்காம் சான்றுதான் இந்த ஆய்வின் மணிமகுடம். 1961 டிசம்பர் 15 அன்று ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்ற பகுதி ஒளிபரப்பானது. 1890இல் வாழும் ஒரு துப்புரவுப் பணியாளர், தலையில் மாட்டும் கால இயந்திரத்தின் உதவியால் 1962க்கு வந்து சேர்கிறார். நடித்தவர் மௌனப் பட நட்சத்திரம் பஸ்டர் கீட்டன். 1890இல் நடக்கும் காட்சிகளில் பேச்சு கிடையாது. வசனங்கள் எழுத்து அட்டைகளில் வருகின்றன. 1962க்கு வந்ததும் காது கிழியும் இரைச்சல். மறுபடி 1890க்குத் திரும்பினால் மறுபடி மௌனம். பார்த்த யாருக்கும் இதில் குறையேதும் தோன்றவில்லை. ஆனால் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28இல். கீட்டன் பிறந்ததே அந்த ஆண்டு அக்டோபரில்தான். சினிமாவே பிறக்காத ஓர் ஆண்டில் மனிதர்கள் மௌனப் படத்தின் சட்டதிட்டப்படி வாழ்ந்திருக்கிறார்கள்! மௌனப் படம் என்பது ஒரு கலை வடிவம் என்ற நிலை மாறி, ‘அந்தக் காலம்’ முழுவதற்குமான ஆடையாகிவிட்டதை இது காட்டுகிறது. அந்த ஆடையைத் தைத்துக் கொடுத்தது தொலைக்காட்சி. 1963இல் ஜே வார்டின் ‘ஃப்ராக்சர்ட் ஃப்ளிக்கர்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய், பழைய படச் சுருள்களை வெட்டி ஒட்டிப் புதிய வசனம் சேர்த்தது. 1923இல் லான் சேனி முதுகு வளைந்து, மூட்டு நோக நடித்த நாத்ரதாம் கூனன், இங்கே கல்லூரி விளையாட்டு மைதானத்தில் உற்சாகக் கோஷம் எழுப்பும் இளைஞனாக மாறினான். சேனியின் நடிப்பை முதலில் இந்த வேடத்தில் கண்ட சிறுவன், பிற்பாடு அசல் படத்தில் கூனன் கோபுரத்திலிருந்து தொங்கும்போது எந்த அணிக்காகத் தொங்குகிறான் என்று யோசித்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு உளவியல் தரப்பிலிருந்து வருகிறது. இந்த ஏக்கமெல்லாம் பிள்ளைப் பருவத்தின் மீதான ஏக்கம்தான், நிகழ்ச்சி வெறும் சாக்கு என்கிறார்கள். அப்படியானால் அதே பிள்ளை அதே பெட்டியில் வானிலை அறிக்கையும்தான் பார்த்தது. 1974ஆம் ஆண்டு வானிலை அறிக்கையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர் யாருமில்லை. கேலிக்கு வேறொரு தனிச்சிறப்பு உண்டு. 1920இல் பத்து வயதில் மௌனப் படம் பார்த்தவருக்கு 1963இல் வயது 53. அவர் தெரிந்ததால் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்த பேரன் தெரியாததால் சிரித்தான். இரண்டு சிரிப்பும் ஒரே நொடியில் விழுந்தன. பேச்சு வழக்கும் சொல் விளையாட்டும் தலைமுறைகளைப் பிரிக்கும். வழுக்கி விழுவது பிரிப்பதில்லை. பேரன் இன்று ஏங்குவது அந்தப் பொதுச் சிரிப்புக்காக என்றால், அதற்குக் காரணம் அவனுடைய வயது அல்ல, நிகழ்ச்சியின் கட்டமைப்பு.

இரண்டாம் மறுப்பு தூய்மைவாதிகளுடையது. கேலி செய்தவர்கள் ஒரு மகத்தான கலையைக் கோமாளிக்கூத்தாகக் குறுக்கி அதன் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். மானத்தை வாங்குவதில் மௌனப் படக்காரர்கள் தொலைக்காட்சிக்காக நாற்பது ஆண்டு காத்திருக்கவில்லை. வாலன்டினோவின் ‘தி ஷேக்’ 1921இல் வந்தது; மாறுகண் பென் டர்பின் அதைக் கிண்டலடித்த ‘தி ஷ்ரீக் ஆஃப் அராபி’ 1923இலேயே வந்துவிட்டது. வாலன்டினோவின் ‘ப்ளட் அண்ட் சாண்ட்’ வெளியான அதே 1922இல் ஸ்டான் லாரல் ‘மட் அண்ட் சாண்ட்’ படத்தில் ருபார்ப் வாசலினோ என்ற பெயரில் நடித்தார். இயக்குநர் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ மூன்று மணி நேரம் மனிதகுலத்தின் பாவங்களை அலசியது. கீட்டன் 1923இல் ‘த்ரீ ஏஜஸ்’ எடுத்து அந்தப் பாவங்களைப் பெண் பார்க்கும் படலமாக்கினார். தன்னைத் தானே இவ்வளவு தாராளமாகக் கேலி செய்துகொண்ட கலைக்கு வெளியாள் செய்த கேலியால் இழுக்கு வந்துவிடாது. தூய்மைவாதிகளின் வாதத்தில் ஓர் உண்மை மட்டும் எஞ்சும்: கேலி செய்தவர்கள் நகைச்சுவைப் படங்களை மட்டுமே நினைவில் நிறுத்தினார்கள், மற்றவற்றை மறக்கடித்தார்கள். நீலச் சாயம் ஏற்றிய இரவுக் காட்சிகள், பெரிய அரங்குகளில் வாசித்த முழு வாத்தியக் குழுக்கள் எல்லாம் போய், கீறல் விழுந்த கறுப்பு-வெள்ளையும் சுதி கலைந்த பியானோவும் மட்டும் மிஞ்சின. இதை இழப்புக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

சுதி என்றதும் இறுதிச் சான்று. பென்னி ஹில்லின் துரத்தல்களுக்குப் பின்னணியில் ஒலித்த ‘யாக்கெட்டி சாக்ஸ்’ இசை, பூட்ஸ் ராண்டால்ஃப் 1963இல் வெளியிட்ட சாக்ஸஃபோன் மெட்டு. மௌனப் படக் காலம் முடிந்து ஒரு தலைமுறை கழிந்தபின் பிறந்தது. இன்று யாரேனும் ஒரு காட்சியை வேகமாக ஓட்டி இந்த மெட்டைச் சேர்த்துவிட்டு “மௌனப் படம் மாதிரியே இருக்கிறது” என்றால், அவர் நினைப்பது சாப்ளினை, செய்வது பென்னி ஹில்லை. கால இடைவெளியும் இதற்கு இசைகிறது. பேசும் பட யுகத்தைத் தொடங்கிவைத்த ‘தி ஜாஸ் சிங்கர்’ 1927. ‘ஃப்ராக்சர்ட் ஃப்ளிக்கர்ஸ்’ 1963. இடையே 36 ஆண்டுகள். பென்னி ஹில் நிகழ்ச்சியைத் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுத்தியது 1989இல். அதனுடன் 36ஐக் கூட்டினால் 2025. கேலிக்கு உள்ளானபோது மௌனப் படத்துக்கு என்ன வயதோ அதே வயதை இன்று கேலியே எட்டிவிட்டது. பழம்பொருள் என்ற தகுதி அதற்கு முறைப்படி வந்தாயிற்று.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. “மௌனப் படங்களின் அழகே அழகு” என்று யாரேனும் கண் மூடி உருகினால், அவர் காதில் அப்போது என்ன இசை ஒலிக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். சாக்ஸஃபோன் என்று பதில் வந்தால் அவரை இரண்டாம் தரத்தில் சேர்த்து, சரியான வேகத்தில் ஓடும் கீட்டன் படம் ஒன்றைப் பார்த்துவர அனுப்ப வேண்டும். பார்த்துத் திரும்பியபின் இரண்டும் வெவ்வேறு, இரண்டும் வேண்டும் என்று அவர் சொன்னால் மூன்றாம் தரத்துக்குப் பதவி உயர்வு வழங்கலாம். மூன்றாம் தரத்தாரோ எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. தாங்கள் பார்த்தது இன்னது என்று தெரிந்து ஏங்குகிறவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களைப் பார்த்துச் சிரிப்பதை இனியாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்.